விரல் நுழையாத துளை

குமாரவேல் தன் மகளைக் கை நீட்டி அடித்தது அதுதான் முதல் தடவை. அதை அவன் மனைவி அகிலா கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டும் பஸ் ஏறினாள்.

செவிலிமேட்டில் காலை வேளை என்றால் எல்லா வீட்டு வாசலிலும் ஒரே ஓட்டமாக இருக்கும். ஒரகடம் பக்கத்துக் கம்பெனி பஸ்கள் முக்கில் வந்து நிற்கும், ஆள் ஏறியதும் ஏறாததுமாகக் கிளம்பிவிடும். அகிலா கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை செய்கிறாள். அன்றைக்கு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, மகள் கீர்த்தி சீருடை போட்டு, தலை பின்னி, ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வலிக்குதும்மா. இன்னிக்கு வேணாம்மா."

"நேத்தும் இதான் சொன்ன. ஸ்கூல் விட்டதும் தெருவுல ஆடிக்கினு இருந்த" என்றான் குமாரவேல்.

"அப்போ வலிக்கல. இப்போ வலிக்குது."

குமாரவேல் அதட்டிப் பேசத் தெரியாத மனிதன். பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். ஒரு மாங்காய்க் கொடியின் வளைவு சரியாக வரும்வரை நாள் முழுக்கப் பொறுமையாக உட்காருவான். ஆனால் அந்த வாரம்தான் வகுப்பு டீச்சர் சங்கரி அவனைப் பள்ளி வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தாள்: "பரீட்சை வந்தா இவளுக்கு வயித்து வலி வந்துடுது சார். நல்லா நடிக்கிறா. நீங்க செல்லம் குடுக்காதீங்க." நாலு பெற்றோர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அவமானம் அவன் கையில் இருந்தது போலிருக்கிறது. கன்னத்தில் ஒன்று வைத்தான். கீர்த்தி அழவில்லை. இன்னொரு ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தபடி அகிலா அதைப் பார்த்தாள். 'சாயந்தரம் பேசிக்கொள்ளலாம்' என்று நினைத்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

சாயந்தரம்வரை போகவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீர்த்தி வகுப்பறைத் தரையில் உருண்டு துடித்தாள், வாந்தி எடுத்தாள். அவள் பாவாடையில் பட்ட சிறுநீர் சிவப்பாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் பள்ளிக்கூடத்தார் குமாரவேலுக்குத் தகவல் சொன்னார்கள்.

அதற்கு முன் பல மாதமாக அந்த வலிக்கு என்னென்னவோ பெயர் வைத்தாயிற்று. பூச்சி என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வாயு என்றார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். குமாரவேலின் அக்கா இந்திராணி, "குடல் ஏறிக்கிச்சு" என்று சொல்லி, குடல் தட்டுகிறவளிடம் கூட்டிக்கொண்டு போய், வயிற்றில் எண்ணெய் தடவித் தட்டிவிட்டாள். அந்தத் தட்டலில் பிள்ளை அலறிய அலறலை, 'குடல் இறங்குகிறது' என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் முதுகுப் பக்கம் கை வைத்துப் பார்க்கவில்லை.

ஸ்கேன் எடுத்த டாக்டர், திரையில் ஓர் இடத்தைக் காட்டி, "கல்" என்று ஒரே சொல்லாகச் சொன்னார். இடது சிறுநீரகத்தில், சிறுநீர் வெளியேறும் வாசலை அடைத்துக்கொண்டு, ஏறக்குறையப் புளியங்கொட்டை அளவுக்கு.

"குழந்தைக்குக் கல்லா? அதெல்லாம் பெரியவங்களுக்குத்தானே வரும்?" என்றான் குமாரவேல்.

"பிள்ளைங்களுக்கும் வருது. இங்க வெச்சிப் பண்றதை விட மெட்ராஸ்ல குழந்தைங்களுக்குன்னே பண்றவங்க கிட்டக் காட்டுங்க" என்றார் அவர். அகிலா கீர்த்தியின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் அவர்களைப் பார்த்த டாக்டர் சுகாசினி, குழந்தைகளின் சிறுநீரகக் கோளாறுகளுக்கென்றே படித்தவள். மேசைமேல் ஒரு பொம்மை சிறுநீரகம் வைத்திருந்தாள். அதைக் கீர்த்தியிடமே கொடுத்து, "உன் கல்லு எங்க உக்காந்திருக்கு தெரியுமா? இதோ, இந்தக் கதவுல. அதான் உனக்குத் தண்ணி தேங்கி வலிக்குது" என்றாள்.

கீர்த்தி அந்தப் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ நான் நடிக்கலதானே?"

டாக்டர் நிமிர்ந்து பெற்றோரைப் பார்த்தாள். "யாரு சொன்னாங்க நடிக்கிறேன்னு?"

குமாரவேல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்று டாக்டர் விளக்கினாள். வெளியிலிருந்து அதிர்வு கொடுத்து உடைக்கிற முறை ஒன்று உண்டு; ஆனால் இந்தக் கல் பெரியது, கெட்டி. ஆகவே மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில், விலா எலும்புக்குக் கீழே ஒரு சின்னத் துளை. பென்சில் பருமன்தான் இருக்கும். அதன் வழியாகக் குழாய் கேமராவைச் சிறுநீரகத்துக்குள்ளேயே விட்டு, கல்லை லேசரால் பொடியாக்கி வெளியே எடுத்துவிடலாம். "முன்னெல்லாம் இதுக்கு இடுப்பைச் சுத்திக் கிழிப்பாங்க. இப்ப அது வேணாம். ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரத்தம் போகலாம், காய்ச்சல் வரலாம். ஆனா நாங்க பாத்துக்குவோம்."

பிறகு கேட்டாள்: "தண்ணி நல்லாக் குடிப்பாளா?"

"குடிப்பா டாக்டர்" என்றாள் அகிலா. "ஸ்கூலுக்குப் பெரிய பாட்டில்தான் குடுத்தனுப்புறேன். தெனமும் காலியாத்தான் வரும்."

கீர்த்தி பொம்மையை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அகிலா அப்போது வெட்கம் என்றுதான் நினைத்தாள்.

அறுவை சிகிச்சை அன்று ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நாற்காலியில், நடுவே ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். குமாரவேல் ஒருமுறை, "அகிலா" என்றான். அவள் திரும்பவில்லை. அவனிடம் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லாமலில்லை. நிறைய இருந்தது. அதை அந்த இடத்தில் தொடங்கினால் நிறுத்த முடியாது என்று தோன்றியது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது, அகிலா கை கூப்பினாள். மயக்கம் தெளிகிற அறைக்குள் தாயை மட்டும் விட்டார்கள். கீர்த்தி கட்டிலில் சின்னதாகக் கிடந்தாள். முதுகிலிருந்து ஒரு குழாய் இறங்கிப் பைக்குப் போயிற்று. பையில் நீர், அரக்குச் சேலையைச் சாயம் போக அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. சிறுநீர்ப் பாதையில் இன்னொரு குழாய்.

கண் திறக்காமலே கீர்த்தி முனகத் தொடங்கினாள். அகிலா குனிந்து காதைக் கொடுத்தாள்.

"மே ஐ கோ அவுட் மிஸ்."

"கீர்த்தி, அம்மாடா."

"மே ஐ கோ அவுட் மிஸ்… அவசரம் மிஸ்… ப்ளீஸ் மிஸ்." கால்களை ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டாள். "இனிமே தண்ணி குடிக்க மாட்டேன் மிஸ். ப்ராமிஸ் மிஸ்."

பக்கத்தில் இருந்த நர்ஸ், "குழாய் போட்டிருக்குல்லம்மா, அதனால போகணும் போலவே இருக்கும். எல்லாப் பிள்ளைங்களும் ஏதாவது உளறும்" என்றாள் ஆறுதலாக.

அகிலாவுக்கு அது உளறலாகத் தெரியவில்லை. பல நாள் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள் அவை. நாக்குக்குப் பாடமாகியிருந்தன. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரை இருந்தது பயமும் குற்ற உணர்ச்சியும். இது வேறு. உள்ளங்காலிலிருந்து ஏறிற்று.

மறுநாள், பிள்ளை கஞ்சி குடித்துத் தெம்பாக உட்கார்ந்த பிறகு, மெதுவாகக் கேட்டாள். "திட்ட மாட்டேன்" என்று தலைமேல் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் கீர்த்தி சொன்னாள்.

பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு மூன்று கழிவறை. இரண்டு எப்போதும் பூட்டிக் கிடக்கும். அதிகாரிகள் பார்வையிட வரும்போது மட்டும் திறப்பார்கள், அழுக்காகக் கூடாதாம். மிச்சமிருக்கிற ஒன்றில் தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீர் வராது, இடைவேளையில் மட்டும் திறக்கும். வரிசை நீளும், வரிசை நகர்வதற்குள் மணி அடித்துவிடும். வகுப்பு நடக்கும்போது கேட்டால் சங்கரி மிஸ் திட்டுவாள். "தண்ணிய ஏன் மொடக்கு மொடக்குன்னு குடிக்கிறீங்க" என்பாள். தண்ணீர் பாட்டில்களை எல்லாம் வெளியே வராந்தாவில் வரிசையாக வைத்துவிட வேண்டும்.

"அப்போ உன் பாட்டில் தெனம் காலியா வருதே?"

"கேட் கிட்ட குரோட்டன்ஸ் செடி இருக்குதும்மா. அதுக்கு ஊத்திடுவேன். குடிக்கலன்னா நீ திட்டுவ."

அகிலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் சுகாசினி பார்க்க வந்தபோது அகிலா அவளை வழிமறித்தாள். "அந்த ஸ்கூல்காரங்களாலதான் கல்லு வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க டாக்டர்."

"அப்படி எழுத முடியாதும்மா. கல்லு வர்றதுக்குப் பல காரணம் இருக்கும். சில பிள்ளைங்க உடம்புவாகே அப்படி. டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

"அப்போ அவங்க பண்ணது சரிங்கறீங்களா?"

"சரின்னு எங்க சொன்னேன்?" டாக்டரின் குரலும் ஏறிற்று. "தண்ணி குடிக்க விடாம, வந்ததையும் அடக்க வெச்சா, கல்லு வளர்றதுக்கு வேற என்ன வேணும்? இந்தக் குழந்தைக்கு எந்நேரமும் தண்ணி வேணும், கேட்ட நேரத்துக்கு பாத்ரூம் வேணும்னு எழுதித் தர்றேன். அதை மீறட்டும் பாக்கலாம்."

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள்தான் அகிலாவின் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றினார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். இந்திராணி முதல் ஆளாக வந்து, பிள்ளையைத் திருப்பி உட்கார வைத்துச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சின்ன பிளாஸ்திரி. அவ்வளவுதான்.

"இவ்ளோதானா?" என்றாள் இந்திராணி. "நான் வயித்தையே கிழிச்சிருப்பாங்கன்னு பயந்துக்கினு வந்தேன். விரல்கூட நுழையாது போலிருக்குதே. பெரிசா ஒண்ணும் இல்லடி, சாமி காப்பாத்திச்சு."

ஒருத்தி சொன்னால் பரவாயில்லை. வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். 'இத்துனூண்டு ஓட்டை.' 'அடுத்த வாரமே ஸ்கூல் போயிடலாம்.' 'இப்பல்லாம் இது பல்லு புடுங்குற மாதிரி.' இடுப்பைச் சுற்றி ஒரு நீளத் தழும்பு இருந்திருந்தால் ஊரே உச்சுக் கொட்டியிருக்கும். யார் செய்தது, ஏன் வந்தது என்று கேட்டிருக்கும். டாக்டரின் கை நேர்த்தி, நடந்த அநியாயத்தையே இல்லாததாக்கிவிட்டது போல அகிலாவுக்கு எரிந்தது. அந்தச் சின்னத் துளைக்கு அவள் தினமும் கடவுளுக்கு நன்றி சொன்னாள். அதே துளையை மற்றவர்கள் சின்னது என்று சொன்னால் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

கீர்த்திக்கு உள்ளே ஒரு மெல்லிய குழாய் இன்னும் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து எடுப்பார்கள். சிறுநீர் போகும்போதெல்லாம் எரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அதைப் பார்க்க வந்தவர் யாருமில்லை.

ஒரு சாயங்காலம் குமாரவேல், "வேற ஸ்கூல்ல சேத்துடலாம் அகிலா. எதுக்கு வம்பு?" என்றான்.

"வேற ஸ்கூல்ல தொறந்து வெச்சிருக்காங்களா? போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?"

"கத்தாத. பக்கத்துல கேக்குது."

"கேக்கட்டும்! கல்லை வெச்சிக்கினு வலிக்குதுன்னு சொன்ன புள்ளையை அறைஞ்ச நீ. எவளோ ஒரு மிஸ் சொன்னாங்கறதுக்காக!" கல்யாணம் ஆனதிலிருந்து அவனை அவள் 'நீ' என்று சொன்னதில்லை.

குமாரவேலின் முகம் வெளுத்தது. "நீ பாத்துக்கினுதானே பஸ் ஏறின?"

உள்ளே கட்டிலிலிருந்து கீர்த்தி சொன்னாள்: "நான் சொன்னப்போ ரெண்டு பேருமே நம்பல."

அழுது சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் விடை சொல்வதுபோலச் சொன்னாள். அதன்பின் அவள் அம்மாவிடம் பேசினாள், ஆனால் அப்பாவிடம் பேசவில்லை. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

பள்ளிக்கு மறுபடி அனுப்பும் நாளில் அகிலா லீவு போட்டுவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு மகளோடு போனாள். வாசலில் மெஹதாப் நின்றிருந்தாள். ஒலிமுகமதுப்பேட்டையில் ஜரிகைக் கடை வைத்திருக்கும் ஜியாவுதீனின் மனைவி. அவள் மகள் அம்பரீன், கீர்த்தியோடு ஒரே பெஞ்ச்.

"அகிலாக்கா, எதுக்குப் போறீங்கன்னு தெரியும். அம்பரீன் சொன்னா" என்று மெஹதாப் குரலைத் தணித்துக்கொண்டு வந்தாள். "என் புள்ளைக்கும் ரெண்டு வாட்டி இன்ஃபெக்‌ஷன் வந்து ஜுரத்துல கெடந்தா. பொம்பளப் புள்ள விஷயம், வெளிய சொல்லாதேன்னுட்டாங்க வீட்ல. நானும் வாயை மூடிக்கினேன்."

"இப்போ?"

மெஹதாப் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "இப்போ உங்ககூட வரேன்."

தாளாளர் கங்கையம்மாளின் அறையில் ஏ.சி. ஓடியது. கங்கையம்மாள் அரக்குப் பட்டு உடுத்தி, நெற்றியில் பெரிய பொட்டோடு, கருணையான முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சங்கரியையும் கூப்பிட்டு ஓரமாக நிற்க வைத்திருந்தாள். கீர்த்தியைப் பக்கத்தில் அழைத்துத் தாடையைத் தொட்டாள்.

"கேள்விப்பட்டேன்மா. கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா சின்ன ஓட்டைதானாமே? இப்ப சயின்ஸ் எங்கயோ போயிடுச்சு. பாருங்க, புள்ள எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்கு."

அகிலா டாக்டரின் தாளை மேசைமேல் வைத்தாள். "பூட்டி வெச்சிருக்கிற பாத்ரூமைத் தொறக்கணும் மேடம். பாட்டிலைக் கிளாஸுக்குள்ள வெச்சிக்க விடணும்."

"ஒரு புள்ளைக்காக டிசிப்ளினை மாத்த முடியுமாம்மா? கிளாஸ் நேரத்துல ஒண்ணு எழுந்தா பின்னாலயே பத்து எழுந்துடும். சங்கரிதான் பாவம், எப்படிப் பாடம் நடத்துவா?" கங்கையம்மாள் தாளைப் படிக்காமலே மடித்தாள். "ஒண்ணு பண்றேன். உன் பொண்ணுக்கு மட்டும் பர்மிஷன் தர்றேன். வேணுங்கறப்ப இங்க வந்து என் பாத்ரூமையே யூஸ் பண்ணிக்கட்டும். போதுமா?"

அறையின் மூலையில் ஒரு கதவு இருந்தது. பாதி திறந்து கிடந்தது. உள்ளே நீல டைல்ஸ், வெள்ளை வெளேரென்று பீங்கான், குழாயில் கட்டித் தொங்கவிட்ட சோப்பு. ஃபினாயில் வாசனை வந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும்: அகிலாவுக்கு ஆசையாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மகளுக்கு வேண்டியது கிடைத்துவிடும், கம்பெனிக்கு நாளைக்கே போய்விடலாம். 'சரிங்க மேடம்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. திரும்பிப் பார்த்தாள். மெஹதாப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். தனக்கு இதில் இனி இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீர்த்தி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் மட்டும் வரமாட்டேன்" என்றாள் மெல்ல. "அம்பரீன்? அவளும் அடக்கிக்கினுதான் இருப்பா."

அந்த நேரம் பார்த்து இடைவேளை மணி அடித்தது.

அகிலா கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்தாள். பெண் பிள்ளைகள் கழிவறைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள், முதலில் போய் நிற்கிறவளுக்குத்தான் அதிர்ஷ்டம் என்பதால். கம்பெனியில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல் அவளுக்கு.

"பொண்ணுங்களா! எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க! பெரிய மேடம் ரூம்ல பாத்ரூம் தொறந்திருக்குது! லைன்ல வாங்க!"

பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். கங்கையம்மாள் எழுந்துவிட்டாள். "ஏய், என்னம்மா பண்ற? வாட்ச்மேன்!"

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, யூஸ் பண்ணிக்கட்டும்னு."

"உன் பொண்ணு மட்டும்னு சொன்னேன்!"

"இவங்கல்லாம் என் பொண்ணு மாதிரிதான். ஃபீஸ் வாங்குறப்ப நீங்க 'நம்ம குழந்தைங்க'ன்னுதானே சொல்றீங்க?"

முதலில் நகர்ந்தவள் அம்பரீன். மெஹதாப் அவள் தோளைப் பிடித்துத் தானே உள்ளே அழைத்து வந்தாள். அம்பரீனுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நொடியில் வரிசை வராந்தாவைத் தாண்டிப் படிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. ஒன்றாம் வகுப்புச் சின்னப் பெண் ஒருத்தி, ஜோதிகா என்று பெயர், கங்கையம்மாளின் முன்னால் நின்று, "மே ஐ கம் இன் மேம்?" என்று கேட்டாள். கங்கையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னது கால் மாற்றிக் கால் நின்றது. "போடா கண்ணு" என்று அகிலா அனுப்பினாள்.

வாட்ச்மேன் வந்தார். அறை வாசலில் நின்று வரிசையைப் பார்த்தார். பெண் பிள்ளைகளைக் கையைப் பிடித்தா இழுக்க முடியும்? தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார்.

"இது அசிங்கம்" என்றாள் கங்கையம்மாள், குரல் நடுங்க. "பொது இடத்துல, பொண்ணுங்களை நிக்க வெச்சி…"

"அசிங்கம்தான் மேடம்!" அகிலாவின் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. "பத்து வயசு கூட ஆகாத புள்ள, முதுகுல குழாயோட, மயக்கத்துல, மிஸ் போவட்டுமா மிஸ் போவட்டுமான்னு கெஞ்சிச்சு. பெத்தவ நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அது அசிங்கம். சின்ன ஓட்டைன்னு சொல்றீங்களே, அந்த ஓட்டை வழியாப் பாருங்க, நீங்க போட்ட பூட்டு தெரியும்!"

மணி மறுபடி அடித்தது. ஒருவரும் வகுப்புக்குப் போகவில்லை. வரிசை முடியும்வரை அகிலா அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். வாளியில் தண்ணீர் தீர்ந்தபோதெல்லாம் மெஹதாப் குழாயைத் திறந்து நிரப்பினாள். கடைசியாகக் கீர்த்தி போனாள். எரிச்சல் அவளுக்கு இன்னும் இருந்தது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அவசரப்படாமல் வெகு நேரம் உள்ளே இருந்தாள்.

அன்று சாயந்தரமே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. 'பொம்பளையா இவ' என்று ஒரு கூட்டம் திட்டியது. டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்லிப் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. ஆனால் அடுத்தடுத்து வேறு குரல்களும் வந்தன. தன் மகள் காலையில் தண்ணீரே தொடமாட்டாள் என்று ஒருத்தி எழுதினாள். தன் மகள் வீடு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் ஓடுவாள், சிரித்துக்கொண்டிருந்தோம் என்று இன்னொருத்தி. அலமு என்று ஒருத்தி, கல்வி அலுவலகத்தில் யாரையோ தெரியும் என்றாள். மறுநாள் காலை வாசலில் தாய்மார் கூட்டம் நின்றது. மெஹதாப் ஜியாவுதீனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். டி.சி. பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. பூட்டுகள் கழன்றன. தாழ்ப்பாள் வந்தது. தண்ணீர் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. வராத நாளில் யாராவது ஒரு தாய் போய்ச் சத்தம் போட்டாள்.

சங்கரி ஒருநாள் வாசலில் அகிலாவை ஒதுக்கமாகக் கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது. "நான் நடிக்கிறான்னு சொல்லியிருக்கக் கூடாதுங்க. சிலபஸ் முடிக்கலன்னா மேடம் எங்களைக் கேப்பாங்க. நானும்தான் தண்ணி குடிக்காம நிக்கறேன், காலையிலிருந்து."

"நீங்க குடிக்காதது உங்க தலையெழுத்து மிஸ். புள்ளைங்க என்ன பண்ணுச்சு?" அகிலாவுக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று அவள் முயலவும் இல்லை. "என்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட சொல்லுங்க."

சங்கரி சொன்னாளா என்று கீர்த்தி வீட்டில் பேசவில்லை. அகிலாவும் கேட்கவில்லை.

உள்ளே வைத்திருந்த குழாயை எடுக்க மறுபடி சென்னைக்குப் போனபோது டெஸ்ட் முடிவுகளும் வந்திருந்தன. கல் கட்டாமல் தடுக்கிற ஒரு பொருள் கீர்த்தியின் சிறுநீரில் இயல்பாகவே குறைவு என்றாள் டாக்டர் சுகாசினி. எலுமிச்சைச் சாறு கொடுக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீர் வாழ்நாள் முழுக்கக் குறையக் கூடாது.

திரும்பி வரும் பஸ்ஸில் குமாரவேல் தயங்கித் தயங்கி, "அப்போ முழுக்க ஸ்கூல் மேலயும் தப்பு இல்ல போலிருக்குது" என்றான்.

அகிலா ஜன்னலிலிருந்து திரும்பினாள். "உடம்புல ஒண்ணு கம்மியா இருக்கிற புள்ளைக்குத் தண்ணியையும் பூட்டி வெச்சா, தப்பு குறையுமா கூடுமா?"

அவன் யோசித்தான். "கூடும்" என்றான்.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் பள்ளி. அகிலாவுக்கு ஷிஃப்ட் இல்லாததால் இருவருமாக வண்டியில் மகளைக் கூப்பிடப் போயிருந்தார்கள். கீர்த்தி வருவதற்கு முன்னால் சங்கரி வந்தாள். இந்த முறையும் சுற்றிலும் பெற்றோர்கள் நின்றார்கள்.

"சார், கீர்த்தி இப்பல்லாம் கேக்கறதே இல்ல. பாடம் நடக்கறப்பவே எழுந்து போயிட்டே இருக்கா. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா என்ன? நீங்க கொஞ்சம் சொல்லி வைங்க."

குமாரவேலின் வழக்கமான பதில் அகிலாவுக்குத் தெரியும். 'சரிங்க மிஸ்.' அவள் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் அவன் வண்டியிலிருந்து இறங்கி நின்றான்.

"சொல்ல மாட்டேன் மிஸ்" என்றான். குரல் நடுங்கியது, மறுபடி சொன்னான். "அவ போவட்டும். கேக்காமலே போவட்டும். கேட்டுக் கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனா."

சங்கரி உள்ளே போனாள். கீர்த்தி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. வந்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி பெரிய தெருக் கூட்டத்தில் ஊர்ந்து, சேலைக்கடைகளைத் தாண்டி, செவிலிமேட்டுச் சாலைக்கு வந்தது. காற்று கொஞ்சம் வந்ததும் கீர்த்தி முன்னால் சாய்ந்தாள்.

"ஏம்ப்பா உன் குரல் அப்படி நடுங்குச்சு? பயமா?"

பல நாளாகிவிட்டது அவள் அவனோடு பேசி. குமாரவேல் எதிரே வந்த டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டான்.

"இல்லம்மா. கோவம்."

"கோவம் வந்தா நடுங்குமா?"

"எனக்கு நடுங்குது. பழக்கமில்ல."

"அம்மாவுக்கு நடுங்கல" என்றாள் கீர்த்தி.

அகிலா பின்னால் உட்கார்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டாள். அன்றைக்குத் தாளாளர் அறையிலிருந்து வெளியே வந்தபிறகு, தன் கால்கள் நிற்கமாட்டாமல் ஆடியதும், மெஹதாப் தாங்கிப் பிடித்துக்கொண்டதும் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அதை வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள்.